பூஜ்யத்துக்கு ஒரு 'ஜே'!

ஒருத்தர் 32 ஓவர் பந்து போட்டார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. மேட்சும் டிரா. இதை அறுபது வருஷம் கழித்து உட்கார்ந்து பேசுகிறோமே, நமக்கு வேறு வேலை வெட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது ஸார், மாசக் கடைசி வேறு. இருந்தாலும் பேசாமல் இருக்க முடியவில்லை. காரணம், அந்த 32 ஓவரில் அவர் கொடுத்தது மொத்தமே 5 ரன்.

அச்சுப் பிழை இல்லை. அஞ்சே அஞ்சு. ஐ.பி.எல்லில் முதல் ஓவரில் ஒரு வைடும், எட்ஜில் ஒரு ஃபோரும் போனால் தீர்ந்தது கணக்கு.

ஆள் பாபு நட்கர்னி. முழுப் பெயர் ரமேஷ்சந்திர கங்காராம் நட்கர்னி. நாசிக்கில் பிறந்தவர். இடது கை ஸ்பின்னர். நாள் 12 ஜனவரி 1964, ஞாயிற்றுக்கிழமை. இடம் நம்ம மெட்ராஸ்.

உடனே சேப்பாக்கம் என்று நினைக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி லைனில் திருவொற்றியூரில் ரயில் ஏறி, மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கினால் பின்னாடியே நேரு ஸ்டேடியம் இருக்கிறதல்லவா? இன்றைக்கு ஃபுட்பால் நடக்கிற அதே இடம்தான். அப்போது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-லிருந்து 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் மேட்ச் எல்லாம் அங்கேதான். பொங்கல் சமயம், புளிசாதப் பொட்டலம், தலையில் கைக்குட்டை என்று காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போன ஜனத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நட்கர்னி காட்டியது என்ன? ஒன்றுமே நடக்காத படம்.

கதைச் சுருக்கம் இதுதான். முதலில் ஆடிய இந்தியா 7 விக்கெட்டுக்கு 457 அடித்து டிக்ளேர் பண்ணிவிட்டது. விக்கெட் கீப்பர் புதி குந்தேரன் 192, மஞ்ச்ரேக்கர் 108. எதிரே இங்கிலாந்து. மூன்றாம் நாள் களத்தில் நின்றவர்கள் பிரையன் போலஸும் கென் பாரிங்டனும். இரண்டு பேருமே அவுட் ஆவதை மானப் பிரச்னையாக எடுத்துக்கொள்கிற ரகம். இந்தப் பக்கம் நட்கர்னி, ரன் கொடுப்பதை மானப் பிரச்னையாக எடுத்துக்கொள்கிற ரகம். பூட்டும் கதவும் ஜோடி சேர்ந்த மாதிரி.

பந்து வருகிறது, தடுக்கிறார். பந்து வருகிறது, தடுக்கிறார். ஓவர் முடிகிறது. மெய்டன். அடுத்த ஓவர், அதுவும் மெய்டன். இப்படியே தொடர்ச்சியாக 21 மெய்டன் ஓவர். அதுவே 126 பந்து. முன்னும் பின்னும் ஒட்டிய 5 பந்தைச் சேர்த்தால் 131. அதாவது 114 நிமிஷம் அவர் பந்தில் ஒரு ஒற்றை ரன் இல்லை. ஒரு முழு சினிமாவில் பாட்டையெல்லாம் வெட்டிவிட்டால் எவ்வளவு நேரம் வருமோ, அவ்வளவு.

அன்றைய கணக்கைத் தவணை தவணையாகப் பார்த்தால் இன்னும் அழகு. முதல் தவணை 3 ஓவர், 3 மெய்டன், ரன் 0. அடுத்தது 7 ஓவர், 5 மெய்டன், 2 ரன். மூன்றாவது 19 ஓவர், 18 மெய்டன், 1 ரன். கடைசியில் 3 ஓவர், 1 மெய்டன், 2 ரன். (கடைசியில் களைத்துப் போய் அள்ளிக் கொடுத்துவிட்டார்!) ஆக மொத்தம் 32-27-5-0. தொடர்ச்சியாக 21 மெய்டன் என்கிற ரிக்கார்டை இன்று வரை யாரும் உடைக்கவில்லை. பந்துக் கணக்கில் மட்டும் ஒருத்தர் முந்தியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் ஹ்யூ டேஃபீல்ட், 1957-ல் டர்பனில் இதே இங்கிலாந்துக்கு எதிராக 137 பந்து. அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து என்பதால் மெய்டன் எண்ணிக்கையில் நம்மாள்தான் முதல்.

எப்படி இது சாத்தியம்? மந்திரம் ஒன்றும் கிடையாது. நெட் பிராக்டிஸில் பிட்ச்சின் மேல் ஒரு காசை வைத்துவிட்டு, அதன் மேலேயே பந்து விழுகிற மாதிரி மணிக்கணக்காகப் போட்டுப் பழகியவர் அவர். முன்னால் வந்து அடிக்கவும் முடியாது, பின்னால் போய் வெட்டவும் முடியாது, அப்படி ஓர் இடம். (இதை நம்ம தெருவில் முயற்சி பண்ணாதீர்கள். பந்தைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் காசு இருக்காது.) 41 டெஸ்ட், 88 விக்கெட் என்பது அவர் வாழ்நாள் கணக்கு. அதைவிட முக்கியம், ஓவருக்கு அவர் கொடுத்த சராசரி ரன் 1.67. பெட்ரோல் பங்கில்கூட இவ்வளவு கறாராக ஊற்றுவதில்லை.

*

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டீக்கடைப் பக்கம் இதைச் சொன்னபோது ஒரு டிரெய்லர் டிரைவர் சட்டென்று கேட்டார்: "இன்னா சார், முப்பத்ரெண்டு ஓவருக்கு அஞ்சு ரன்னா? அந்த டைம்ல எங்க பசங்க மூணு பெட் மேட்ச் முட்ச்சிட்டு வூட்டுக்குப் போயிருப்பானுங்க. விக்கெட் எத்தினி?"

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்பால இன்னாத்துக்கு சார் ரிக்கார்டு?"

நியாயமான கேள்வி. கிரிக்கெட் தெரிந்த பெரியவர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். 'இங்கிலாந்துக்காரர்கள் தோற்கக் கூடாது என்று கட்டை போட்டார்கள், பாதிப் பேருக்கு வயிறு வேறு சரியில்லை, இதில் பௌலர் சாமர்த்தியம் எங்கே வந்தது?' என்பது கட்சி. வயிறு சரியில்லாதது உண்மைதான். அதற்கடுத்த பம்பாய் டெஸ்டில் பதினோரு பேரைத் தேற்றுவதே அவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அந்தத் தொடரில் ஐந்து டெஸ்டுமே டிரா.

ஆனால் ஸ்கோர் கார்டில் இன்னொரு வரி இருக்கிறது. அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 88 ரன்னுக்கு 5 விக்கெட். ஒரு முனையில் கதவைச் சாத்தினால் ஆள் இன்னொரு முனையில்தானே வெளியே வரப் பார்ப்பான்? அங்கே போர்டே நின்றுகொண்டிருந்தார். அந்த ஐந்து விக்கெட்டில் நட்கர்னிக்கு எத்தனை பங்கு என்று ஸ்கோர் கார்டில் காலம் கிடையாது. நம்ம ஆபீஸில் மட்டும் இருக்கிறதா என்ன?

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். அதே வருஷம் அக்டோபரில், அதே கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு ஆஸ்திரேலியா வந்தது. இந்தத் தடவை நட்கர்னி முதல் இன்னிங்ஸில் 31 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 91-க்கு 6. மொத்தம் 11 விக்கெட்! ரிசல்ட்? இந்தியா 139 ரன்னில் தோல்வி. விக்கெட்டே எடுக்காத மேட்ச் தப்பித்தது, பதினொன்று எடுத்த மேட்ச் போச்சு. இன்றைக்கு நட்கர்னி என்றால் ஜனத்துக்கு ஞாபகம் வருவது எது? அந்தப் பூஜ்யம்தான். 2020 ஜனவரியில் அவர் காலமானபோதும் பேப்பர்கள் முதலில் போட்டது 21 மெய்டனைத்தான்.

*

பூஜ்யத்தை முறைப்படி எண்ணிப் பட்டம் கொடுக்கிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே பந்து எறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். ஒரே பிட்சர் முழு ஆட்டத்தையும் தானே எறிந்து முடித்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காவிட்டால் அது ஒரு 'ஷட்அவுட்'. நம்ம பாஷையில் சொன்னால் ஷட்டரை இழுத்து மூடிப் பூட்டுப் போடுவது. ஒவ்வொரு வருஷமும் லீகில் யார் அதிக ஷட்அவுட் என்று பட்டியல் போடுவார்கள்.

அந்தப் பட்டியலின் சக்கரவர்த்தி வால்ட்டர் ஜான்ஸன். 1907-லிருந்து 1927 வரை வாஷிங்டன் அணிக்காக எறிந்தவர். மொத்தம் 110 ஷட்அவுட். ஏழு சீஸன்களில் அவரே லீகில் முதல். ஒரே சீஸனில் அதிகம் என்றால் குரோவர் கிளீவ்லண்ட் அலெக்ஸாண்டர், 1916-ல் 16.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் பாப் கிப்ஸன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பிட்சர். 1968-ல் 34 ஆட்டத்தில் எறிய ஆரம்பித்து 28-ஐத் தானே முடித்தார். அதில் 13 ஷட்அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி 1.12 ரன். அந்த வருஷம் அவர் மட்டுமல்ல, எல்லாப் பிட்சர்களும் ஆட்டக்காரர்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். லீக் நிர்வாகம் என்ன செய்தது? பாராட்டு விழாவோடு விட்டதா? 1969-ல் பிட்சர் நிற்கிற மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகச் சீவிவிட்டது! ஒருத்தன் வேலையை ரொம்ப நன்றாகச் செய்தால் அவன் நாற்காலியின் காலை அறுப்பது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை, ஆறுதலாக இருக்கிறது.

இன்னொன்று. கிப்ஸன் அப்படி எறிந்த வருஷத்திலும் 9 ஆட்டம் தோற்றார். ஜான்ஸனுக்கும் அதே கதி. இவர் உயிரைக் கொடுத்து எறிவார், இவர் அணிக்காரர்கள் ஒரு ரன்கூட எடுத்துத் தர மாட்டார்கள். அப்படித் தோற்ற ஆட்டங்கள் ஏராளம்.

இப்போது அங்கே நிலைமை தலைகீழ். நூறு பந்து எறிந்தால் பிட்சரை உட்கார வைத்துவிட்டு அடுத்தவரை அனுப்புகிறார்கள். தோள்பட்டை முக்கியமல்லவா! அதனால் இந்தச் சில வருஷங்களாக ஒன்றிரண்டு ஷட்அவுட் போட்டாலே லீகில் முதலிடம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த விதியை. ஒரு இன்னிங்ஸ் மட்டும் வந்து பூஜ்யம் போட்டுவிட்டுப் போகிறவர் பேரில் ஷட்அவுட் ஏறாது. முதல் பந்திலிருந்து கடைசி ஆள் அவுட் ஆகிற வரை நின்று போட்ட பூஜ்யம்தான் பூஜ்யம். கிரிக்கெட்டிலும் அப்படித்தான். 32-27-5-0 என்று எழுதும்போது முதலில் வருவது 32. எத்தனை ஓவர் போட்டார் என்பதைச் சொல்லாமல் எத்தனை ரன் என்று சொல்லவே மாட்டார்கள்.

*

இதை ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லா ஆபீஸிலும் ஒரு புண்ணியவான் இருப்பார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது, ஒரு விளக்கம் கேட்டதில்லை. ரிடையர்மென்ட் பார்ட்டியில் 'அப்பழுக்கில்லாத சேவை' என்று சால்வை போர்த்துவார்கள். விசாரித்தால், மனுஷர் ஃபைலைத் தொட்டால்தானே தப்பு வரும்? வருகிற பேப்பரையெல்லாம் 'பேசவும்' என்று எழுதிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளியே கரை சேர்ந்தவர். அவருடைய பௌலிங் கணக்கு 0-0-0-0.

பக்கத்து மேஜைக்காரர் நாளைக்கு நாற்பது பில் போடுவார். வருஷத்தில் இரண்டில் கூட்டல் தப்பும். இன்க்ரிமென்ட் நேரத்தில் அந்த இரண்டுதான் எழுந்து நிற்கும். மீதிப் பன்னிரண்டாயிரத்துக்கு நாற்காலி கிடையாது.

சாத்தாங்காட்டில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கனம். ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்புக் கடைகளைக் கிளப்பிக்கொண்டு வரத்தான் இந்த மார்க்கெட்டே உருவானது. எங்கே பார்த்தாலும் ஆங்கிள், சேனல், பிளேட், கம்பிக் கட்டு, எடை மேடை, டிரெய்லர். இரும்புத் தகட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி வரும் காயில் ஒன்றே பதினைந்து டன், இருபது டன் வரும். கிரேன் அதைத் தூக்கி டிரெய்லரில் வைக்கும்போது, அடியில் கட்டை கொடுத்து, செயின் மாட்டி, இழுத்துப் பார்த்து 'போலாம்' என்று கை காட்டுகிறவர் ஒரு கலாசி. அந்தக் கட்டை இரண்டு அங்குலம் தள்ளிப் போனால், மணலி ரோடு வளைவில் காயில் உருளும். உருண்டால் முன்னால் போகிறது ஸ்கூல் வேனா, பைக்கா என்று பார்க்காது. நாளைக்கு இருபது லோடு, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். ஒன்றும் உருளவில்லை. இதற்கு ரிக்கார்டு உண்டா? காசு வைத்துப் பழகிய அந்த நட்கர்னி பந்துக்கும், இந்தக் கலாசி வைக்கிற கட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனி வாசல்களில் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள்: 'விபத்தில்லாத நாட்கள்'. பக்கத்தில் எண். நல்ல வழக்கம்தான். ஆனால் எண் பெரிசாகப் பெரிசாக ஒரு வியாதி வருவதும் உண்டு. எவனுக்காவது விரல் நசுங்கினால், 'போர்டு போயிடும்பா, பிளாஸ்டர் போட்டுக்கோ' என்று ஒரு சூப்பர்வைசர் காதைக் கடிப்பார். காயம் கணக்கில் வராது, போர்டு மட்டும் வளரும். இதற்குக் கிரிக்கெட்டிலும் வழி இருக்கிறது. வைட் ஆகாத அளவுக்கு, பேட்ஸ்மேன் அடிக்க வசதியில்லாதபடி லெக் ஸ்டம்புக்கு வெளியே போட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் மெய்டன்தான். அடிக்க முடிகிற இடத்தில் போட்டு அடிக்க விடாமல் பண்ணுவதல்லவா சங்கதி! போர்டைப் பார்த்தால் நாளை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், எத்தனை டன் என்று கேளுங்கள். பூட்டிக் கிடக்கிற ஃபாக்டரியிலும் விபத்தில்லாத நாள் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பூஜ்யத்தின் விலை அது உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் ஜனங்கள் மூச்சு முட்டி எழுந்தார்கள். ஓர் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்திருந்தது. கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். அந்த மாச ஆரம்பத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. இந்த இரண்டும் செய்தி. எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கம். அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள், ஏதோ ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஒருத்தர் டார்ச் அடித்து வால்வைத் தடவிப் பார்த்து, மீட்டரைப் படித்து, ரிஜிஸ்டரில் 'சரி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார் பாருங்கள், அது செய்தி இல்லை. 'நேற்று எண்ணூரில் எதுவும் கசியவில்லை' என்று எந்தப் போஸ்டரிலாவது கொட்டை எழுத்தில் போடுவார்களா?

போட மாட்டார்கள். அதனால் நாமாவது செய்யலாம். உங்கள் ஆபீஸில், டெப்போவில், யார்டில் இப்படி ஓர் ஆள் இருப்பார். நிறைய ஓவர் போட்டுக் குறைய ரன் கொடுப்பவர். அவரால் நடக்காமல் போனது என்னென்ன என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சால்வையெல்லாம் வேண்டாம், அவர் பயந்துவிடுவார்.

*

டி-20 காலத்தில் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜூன் 17, உலகக் கோப்பை. நியூஸிலாந்தின் லாக்கி ஃபெர்குசன், பப்புவா நியூ கினிக்கு எதிராக 4 ஓவர், 4 மெய்டன், 0 ரன், 3 விக்கெட். இருபத்து நாலு பந்துக்கும் பூஜ்யம். டி-20-யிலும் நட்கர்னி ஆவி உலவுகிறது.

நம்ம கிரிக்கெட் போர்டுகூட ஒரு தடவை பூஜ்யத்தைக் கௌரவித்தது. 2023 ஐ.பி.எல். பிளே-ஆஃபில், ரன் இல்லாத ஒவ்வொரு பந்துக்கும் 500 மரக்கன்று நடுவதாக அறிவித்து, டி.வி. ஸ்கோரில் புள்ளி வர வேண்டிய இடத்தில் குட்டி குட்டியாகப் பச்சை மரம் போட்டார்கள். சேப்பாக்கத்தில் சென்னையும் குஜராத்தும் மோதின மேட்சில் 84 மரம். அதாவது 42,000 கன்று.

அன்றைக்கே இந்தத் திட்டம் இருந்திருந்தால் நட்கர்னியின் 131 பந்துக்கு 65,500 கன்று. மொத்தத்தையும் இந்தப் பக்கம் நட்டிருக்கலாம். பேரில் மட்டும் காடு வைத்துக்கொண்டு இரும்பாய்க் காய்ந்து கிடக்கிற சாத்தாங்காட்டில், டிரெய்லருக்காகக் காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் நிழலாவது கிடைத்திருக்கும்!